தாம்பூலப் பையில் ஒரு நாவல்

யாரென்றே தெரியாதவர்கள் எழுதிய கதை என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். ஊரே கொண்டாடும் நாவலைக் கையில் கொடுத்துப் பாருங்கள், பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கொட்டாவி வந்துவிடும். இதில் கொஞ்சம் திமிரும் உண்டு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும். எல்லாரும் சாப்பிட்டு ருசி சொல்லிவிட்ட பண்டத்தில் நான் புதிதாக என்னத்தைக் கண்டுபிடிக்க?

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அதற்கு நாலு கடை தள்ளிப் பழைய பேப்பர் கடை. இரண்டுக்கும் நடுவில் நடந்தே என் பாதி ஆயுள் போய்விட்டது. அட்டை கிழிந்தது, எழுதியவர் பேர் உள்ள பக்கமே இல்லாதது, எலி ருசி பார்த்தது, எதுவானாலும் தூக்கி வந்துவிடுவேன். நாய்க்குப் பயப்படும் துப்பறிவாளர் ஒருத்தர் கொலைகாரனைத் தெருமுனை வரை துரத்திவிட்டு, அங்கே நாய் படுத்திருக்கிறது என்று திரும்பி வந்துவிடும் கதையை அப்படித்தான் படித்தேன். நிலாவுக்கு ரேஷன் கார்டு வாங்கித் தரக் கிளம்பிய மூன்று பிள்ளைகளின் கதையும் அங்கே கிடைத்ததுதான். சின்னப் பிள்ளைகள் கதை, பெரியவர்கள் கதை என்று நான் பிரிப்பதில்லை. சிரிப்பு வந்தால் போதும்.

என் மகளுக்கு இதெல்லாம் சுத்தமாக ஆகாது. சிதம்பரத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ரத்தம், சர்க்கரை என்று எல்லாம் அளந்து பேசுகிற பெண். அவளுக்குக் காட்டுமன்னார்கோயிலில் மாப்பிள்ளை அமைந்தது. ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அம்மாதான் மில்லையும் வீட்டையும் கட்டி ஆளுகிறார். ரொம்பப் பேச மாட்டார். பார்க்கிற பார்வையிலேயே மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று கேள்வி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்தம்மா என் புத்தக அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். நான் நைசாக அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

கல்யாணம் சிதம்பரத்தில். பத்திரிகை அடிக்க மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பிரஸ்ஸுக்குப் போனேன். அங்கே மூலையில் இரண்டு அடுக்காகப் புத்தகங்கள், பல்லி முட்டையோடு. விடுவேனா?

"அதுவாம்மா? ஒரு அம்மா எழுதி, அவுங்களே காசு போட்டு அடிச்சாங்க. கொஞ்சத்த எடுத்துக்கிட்டுப் போனாங்க, மீதிக்கு வரவே இல்ல. போன் நம்பரும் மாறிப் போச்சு" என்றார் பிரஸ்காரர். "எடையில போட மனசு வர்ல. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கிங்க, எடம் காலியாவும்."

ஒன்று சின்னப் பிள்ளைகள் கதை. சந்தைக்கு ஓட்டிப் போன தாயைத் தேடி ஓர் எருமைக் கன்று டவுன் பஸ்ஸில் ஏறிவிடுகிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார். அது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி விசாரித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்கிறது. இன்னொன்று பெரியவர்களுக்கான நாவல். இரண்டிலும் ஒவ்வொரு பிரதி எடுத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் ஏறினேன். பரங்கிப்பேட்டை வருவதற்குள் கன்றுக்குட்டி தாயிடம் சேர்ந்துவிட்டது. நாவலைப் பிரித்தேன். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த பெண் என்னைப் பார்த்துக் கூடையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். திருப்பாதிரிப்புலியூர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் நெல்லிக்குப்பம்.

அங்கே பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கொரு புத்தகம். பெரியவர்களுக்கு மஞ்சள் பை, அதில் நாவல். பிள்ளைகளுக்குப் பச்சைப் பை, அதில் கன்றுக்குட்டி. ஒருத்தர் கண்ணிலும் படாமல் கிடந்த எழுத்து ஒரே நாளில் மாவட்டம் முழுக்கப் போய்விடும். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மறுநாளே பிரஸ்ஸுக்குப் போய் இரண்டையும் மொத்தமாக அள்ளி வந்துவிட்டேன்.

"தேங்கா, வெத்தல பாக்கு போதாதா? எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள் மகள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மாவைத் தேடினேன். மேடையில் மாப்பிள்ளையின் அண்ணனும் அண்ணியும்தான் உட்கார்ந்து சடங்கு செய்தார்கள். அந்தம்மா சாப்பாட்டுக் கூடத்து வாசலில் தூணோரமாக நின்றிருந்தார். "மேல வாங்க சம்பந்திம்மா, இன்னா இங்க நிக்கிறீங்க?" என்று கையைப் பிடித்தேன். "இங்கேருந்தே நல்லாத் தெரியுது. நீங்க போங்க" என்று கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நாதஸ்வரக்காரர் மேல் கோபப்பட்டேன்.

முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் செய்யும் என் தம்பி, அடுத்த பந்திக்கு இடம் பிடித்து நின்றபடி, பொழுது போகாமல் ஒரு மஞ்சள் பையைத் துழாவினான். புத்தகத்தை எடுத்தான். பிரித்தான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் சத்தமாகத்தான் படிக்க வரும்.

"'அவர் செத்துப்போன அன்றைக்கு எனக்கு நல்ல பசி.'"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா. இன்னாக்கா இது?"

நாவலின் முதல் வரி அதுதான். கதையே அதுதான். புருஷன் செத்த வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பசிக்கிறது. அடுப்படிப் பக்கம் அவள் நகரும்போதெல்லாம் யாராவது ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஒரு முழு நாள், ஒரு முழு நாவல், அவளால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. இதைப் படித்துத்தான் நான் நெல்லிக்குப்பம் போனேன். இதைத்தான் மஞ்சளும் குங்குமமும் வைத்த பையில் போட்டு, என் மகளின் கல்யாணத்தில் சுமங்கலிகள் கையில் கொடுக்க இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவே இல்லை. புத்தகம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர என் மண்டையில் வேறொன்றும் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் வந்து ஒரு பக்கம் படித்துப் பார்த்தார். "ஏம்மா, எதுனா மனசுல வெச்சிருந்தா நேரா சொல்லிடு" என்றார்.

"அடப் போய்யா!" என்று மண்டபத்து ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். தம்பி, அவன் பெண்டாட்டி, நான் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சள் பைகளிலிருந்து நாவலை உருவினோம். பதிலுக்குக் கன்றுக்குட்டியைப் போட்டோம். நல்லவேளை, பிரஸ்ஸில் அது ஜாஸ்தி கிடந்தது. வியர்த்து வழிந்து வெளியே வந்தபோது தம்பி கேட்டான்.

"சம்பந்தி வீட்டுக்குன்னு தனியா பட்டுப் பை ஒண்ணு வெச்சியே, அது எங்க?"

அது சீர் சாமானோடு வேனில் ஏறிப் போயே போய்விட்டது.

மகளிடம் மறைக்க முடியவில்லை. என் முகத்திலேயே எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். மணப்பெண் அறையில் அவள் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, மாமா போனப்பறம் அந்த ஊட்டுல நடக்கிற மொத நல்ல காரியம்மா இது. அத்தைய குத்திக் காட்டவே வெச்சி அனுப்புனாங்கன்னு நெனப்பாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அங்க காலெடுத்து வெக்கிறது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அப்படியே அந்த முகத்தோடு காரில் ஏறிப் போனாள்.

"வுடு, அந்த வீட்ல யாரு புக்கெல்லாம் படிக்கப் போறாங்க?" என்றார் வீட்டுக்காரர். வேறு சமயமாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்கு, வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு புத்தகத்தை யாரும் படிக்கக் கூடாது என்று எங்கள் ஊர்ச் சாமி பாடலீஸ்வரரை வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மகளுக்குப் போன் போட்டேன். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பைய தொறந்துட்டாங்கம்மா. புக்கு அத்தை தலகாணிக்குக் கீழ இருக்குது."

"படிக்கிறாங்களா?"

"தெரில. ஜாஸ்தி பேச மாட்றாங்க. எதுவா இருந்தாலும் நீயே வந்து பேசு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

இதற்கு நடுவில் கன்றுக்குட்டி வேறு ஊரெல்லாம் சுற்றத் தொடங்கியிருந்தது. வருகிற போனெல்லாம் அதைப் பற்றித்தான். போக்குவரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா மகன், "கன்னுக்குட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும், அந்தக் கண்டக்டருக்கு ரூல்ஸ் தெரியல" என்று அரை மணி நேரம் வாதாடினார். கடைசியில், "ஆனா அந்த எடத்துல, அது கடைசி ஸ்டாப்புல எறங்குது பாரு..." என்று சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மீன் ஏலத்துக்குப் போகிற எதிர் வீட்டு அம்மா, தன் பேத்தி தூங்கிய பிறகும் தானே மிச்சத்தைப் படித்து முடித்ததாகச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் இதைக் கேட்டுக் குதித்திருப்பேன். எனக்கு நினைப்பெல்லாம் அந்தத் தலையணைக்கு அடியில் இருந்தது.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டுக்கு அழைக்க நாங்கள் போக வேண்டிய நாள் வந்தது. தம்பி கொடுத்த முந்திரி, பழம், அல்வா என்று அள்ளிக்கொண்டு கிளம்பினேன். "லஞ்சமா?" என்றார் வீட்டுக்காரர். வீராணம் ஏரிக்கரை முழுக்க அவரோடு பேசவில்லை. சொல்லப்போகிற பொய்யை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டே போனேன். பிரஸ்காரர் மாற்றிக் கட்டிவிட்டார், எனக்கு ஒன்றும் தெரியாது. பிரஸ்காரர் பாவம்தான். ஆனால் அவருக்கு அங்கே கட்டிக்கொடுத்த பெண் இல்லை.

வீட்டில் மகள் என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து நெல் விலை பேசத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சம்பந்திம்மா, கொஞ்சம் உள்ள வாங்க."

போனேன். கதவைச் சாத்தினார். கையில் அந்தப் புத்தகம்.

"அதுங்க... பிரஸ்ல மாத்திக் கட்டிட்டாங்க. சத்தியமா எனக்கு..."

"நீங்க படிச்சிங்களா இத?"

பொய்யை அங்கேயே விட்டேன். படிக்கவில்லை என்று ஒரு நல்ல புத்தகத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "படிச்சேன்" என்றேன்.

"அந்தத் தயிர்சாதம் வர்ற எடம்..." என்று ஆரம்பித்தார். அவரால் மேலே பேச முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். தோள் குலுங்கியது. பிறகுதான் தெரிந்தது, அந்தம்மா சிரித்துக்கொண்டிருந்தார். மூட்டைக்காரர்களை வரிசையில் நிற்கவைக்கும் அந்தம்மா, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. தயிர்சாதக் கிண்ணத்தோடு அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்க, ஒப்பாரி வைக்க வந்தவர்கள் அதே கதவைத் திறக்கும் இடம் அது. இரண்டு பேரும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தோம். வெளியே மகள் கதவைத் தட்டி, "அம்மா? அத்தை?" என்று கூப்பிட்டாள். "ஒண்ணும் இல்ல, நீ போம்மா" என்றார் அவர்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தின் அட்டையைத் தடவினார்.

"நல்ல மனுஷன் அவுரு. ஒரு கொற சொல்ல முடியாது. இன்னிக்கும் அவுரு இல்லன்னா எனக்கு ஒண்ணும் ஓடல. ஆனா அன்னிக்கி, ஊரே ஊட்டுல அழுவுது, எனக்கு வயிறு கத்துது. நானெல்லாம் ஒரு பொம்பளையான்னு இருந்துச்சி. இந்த மூணு வருஷமா அத ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. நான் ஒருத்திதான் அப்புடின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

நான் அவர் கையைப் பிடித்தேன். இந்த முறை அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

"இத எழுதுனவுங்க யாரு? எங்க இருக்காங்க?"

"தெரியலைங்க. பிரஸ்லயும் தெரியாதுன்னுட்டாங்க. மீதி புக்க வாங்கக்கூட அவுங்க வர்ல."

"எங்கனா பாத்தீங்கன்னா சொல்லுங்க" என்றார் அவர். "எனக்கும் பசிச்சுதுன்னு."