டீச்சர் தேடிய கப்பல் பாட்டு

சாப்பாடு முடிந்து இனிப்பு வருவதற்கு முன்னால் மேசையில் ஒரு சின்ன இடைவெளி விழும். தட்டுகளை எடுத்திருப்போம், கரண்டிகளை மாற்றியிருப்போம், விருந்தினர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் டீச்சர் பியானோவை விட்டு எழுந்திருப்பார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்கள் இருக்கும் மேசைக்குப் போய், கைகளைக் கோத்தபடி நிற்பார். "மன்னிக்க வேண்டும், உங்களிடம் ஒரு பாட்டைப் பற்றிக் கேட்கலாமா?" என்று சுத்தமான கான்வென்ட் ஆங்கிலத்தில் கேட்பார். இன்றைக்கும் நான் எந்த ஓட்டலில் சாப்பிடப் போனாலும், தட்டு எடுத்த பிறகு வரும் அந்த இடைவெளியில் எனக்கு நிம்மதியாக உட்கார முடிவதில்லை. யாரோ பின்னால் வந்து நிற்பது போலவே இருக்கும்.

அப்போது நான் திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு பெரிய ஓட்டலின் உணவகத்தில் கேப்டனாக இருந்தேன். கேப்டன் என்றால் கப்பலை ஓட்டுகிறவள் இல்லை. ஆர்டர் எடுப்பதும் பரிமாறுகிற பையன்களை விரட்டுவதும்தான் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் எந்த வெள்ளைக்காரர்கள் கோபுர வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விழிப்பதைப் பார்ப்பேனோ, அவர்களே மத்தியானம் நெற்றியில் குங்குமம் வழிய எங்கள் உணவகத்துக்கு வந்து, சாம்பாரைப் பார்த்துப் பயந்து, சூப் கேட்பார்கள். டீச்சருக்கு வீடு பொன்மலைப் பக்கம். கணவர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்துச் சின்ன வயதிலேயே போய்விட்டார். டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு வகுப்பு எடுத்தவர். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆர்கன் வாசிப்பவர். ஓய்வு பெற்றதும் எங்கள் ஓட்டலுக்குப் பியானோ வாசிக்க வந்தார். ஒரே மகன். கப்பலில் சமையல் வேலை.

அந்த மகன் கடலில் போய்விட்டான். என்னத்தைச் சொல்ல! உடம்பு கிடைக்கவில்லை. கம்பெனியின் ஏஜெண்டு போனில் கூப்பிட்டு, "உங்க பையன் தானாத்தாம்மா குதிச்சிருக்கான், மனசு சரியில்லாம இருந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு நாட்டுக்காரர்கள். அவர்களும் வேறு வேறு கப்பலுக்குப் போய்விட்டார்கள். கிடைத்த ஓரிரு எண்களிலும் யாரும் எடுக்கவில்லை. டீச்சரிடம் மிஞ்சியது அவன் கடைசியாகப் போனில் அனுப்பிய ஒரு குரல் செய்தி. 'அம்மா, நல்லா இருக்கேன், சாப்ட்டேன், இங்க ஒரே சத்தம், அப்புறம் பேசறேன்' என்கிற அளவுதான். பின்னால் நாலைந்து ஆண்கள் ஏதோ அந்நிய மொழியில் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அதைக் கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். மறுநாளே ஏஜெண்டின் போன் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் குரலைத் திறந்து கேட்க அவரால் முடியவில்லை. ஆனால் டீச்சர் காது சாதாரணக் காதா? அந்தப் பாட்டு மட்டும் ஒரே தடவையில் மனசில் ஒட்டிக்கொண்டது.

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை தானாகப் போனானா, இல்லையா? அதை யாரும் சொல்லப் போவதில்லை. அப்படியானால் அந்தப் பாட்டாவது சொல்லட்டும் என்று பிடித்துக்கொண்டார். "அது என்ன பாட்டுன்னு தெரிஞ்சா போதும்மா. கல்யாணப் பாட்டா, குடிச்சிட்டுக் கூத்தடிக்கிற பாட்டா, அழுற பாட்டா? சந்தோஷமா நாலு பேரு பாடுற இடத்துல இருந்த புள்ள, அன்னைக்கே போய்க் குதிப்பானா?" என்று என்னிடம் கேட்பார். குதிக்க மாட்டான் டீச்சர் என்பேன். கேட்டுக்கொள்வார். அரை மணி கழித்து மறுபடியும் அதையே கேட்பார். பங்குச் சாமியார் அவராகவே வந்து, மகனுக்காக ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைக்கிறேன் என்று சொல்லியும் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. தானாகப் போவது பாவமாயிற்றே, எப்படிச் செத்தான் என்று தெரியாமல் என்னவென்று வேண்டுவது என்று கேட்டிருக்கிறார். ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் ஆர்கன் வாசித்த கை அது.

எந்த மேசை எந்த நாடு என்று வரவேற்பில் கேட்டு வைத்துக்கொள்வது என் பொறுப்பாகிவிட்டது. "மூணாம் டேபிள் இத்தாலி, டீச்சர். ஜன்னலோரம் போலந்து" என்று போகிற போக்கில் காதில் போட்டுவிடுவேன். விருந்தினரைப் பியானோ பக்கம் கூட்டி வந்து அந்தப் பாட்டை வாசித்துக் காட்டுவார். அவர்களும் நல்ல மாதிரிதான். தலையைச் சாய்த்துக் கேட்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். "இது எங்கள் பாட்டு இல்லை. ஆனால் எங்கள் ஊரில் இதே சாயலில் ஒன்று உண்டு" என்று தொடங்கிப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். டீச்சருக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஒருவேளை இந்தப் பாட்டுக்கு அது ஒன்றுவிட்ட உறவாக இருந்துவிட்டால்? பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் வலது கையால் மெட்டைப் பிடித்து, பிறகு இடது கையைச் சேர்த்து, அவர்கள் சரி சரி என்று தலையாட்டும் வரை விடமாட்டார். திராட்சை பறிக்கிற பாட்டு, ஆடு மேய்க்கிற பாட்டு, ஜப்பானியக் கிழவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடிய வலை இழுக்கும் பாட்டு என்று ஊர்ப்பட்ட பாட்டு அவர் கைக்கு வந்துவிட்டது. தேடிய பாட்டுக்கு மட்டும் ஆள் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேனேஜருக்கு ஒரே கொண்டாட்டம். விருந்தினர்கள் போகும்போது பியானோக்காரம்மாவை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். உடனே வாசலில் ஒரு போர்டு வைத்துவிட்டார்: உங்கள் ஊர் நாட்டுப்புறப் பாடலை எங்கள் பியானோவில் கேளுங்கள். டீச்சர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என் வயித்தெரிச்சலை எழுதி மாட்டி வெச்சிருக்காரு, பாத்தியா?" என்றார். சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இல்லாத ஒரு முகம்.

பரிமாறுகிற பையன்கள் டீச்சரைச் சீண்டுவதும் உண்டு. "டீச்சர், நீங்க குத்துப்பாட்டு வாசிச்சாக்கூட முட்டி போட்டு நெத்தியில சிலுவை போடத் தோணுது" என்பார்கள். உண்மைதான். ஆயுசுக்கும் கோயிலில் வாசித்தவர். ஜனங்கள் மூச்சு வாங்கட்டும் என்று ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஸ்வரத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துகிற பழக்கம் விரலில் ஊறிப்போயிருந்தது. "ஏன்டா, ஓடுற பஸ்ஸுல ஏறவா பாட்டு? நின்னு கேளுங்கடா" என்று அவரும் திருப்பிக் கொடுப்பார். அந்தப் பழக்கம் அவரையே என்ன பாடு படுத்திக்கொண்டிருந்தது என்று எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஒரு ஜெர்மன்காரர் வந்தார். மருத்துவர் என்று சொன்ன நினைவு. பாட்டைக் கடைசி வரைக்கும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "என்ன பாட்டு என்று தெரியவில்லை அம்மா. ஆனால் நிச்சயம் துக்கப் பாட்டு. என் தாயாரின் அடக்கத்தில் பாடியதுபோலவே இருக்கிறது" என்றார். நல்ல மனிதர், மனசாரச் சொன்னார். அவ்வளவுதான், டீச்சர் இடிந்துபோனார். "சாவுப் பாட்டும்மா. சாவுப் பாட்டைக் கேட்டுக்கிட்டேதான் எம்புள்ள எங்கிட்டப் பேசியிருக்கான். சாப்ட்டேன்னு சொன்னானே, அதுவும் பொய்யா? மாதாவே, எனக்குத் தெரியாமப் போச்சே!" அதற்குப் பிறகு டீச்சர் வேலைக்கு வந்தார், வாசித்தார், ஆனால் ஆள் அங்கே இல்லை. சாப்பிடுவதே குறைந்துபோய், ஜாக்கெட் தோளில் தொளதொளத்தது. யாரிடமும் போய்க் கேட்பதில்லை. நானே "அஞ்சாம் டேபிள் நார்வே" என்று சொன்னாலும், "விடும்மா, தெரிஞ்சு போச்சு" என்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "அந்த மெசேஜை ஒரு தரம் போட்டுக் கேட்டா என்ன டீச்சர்? உங்க ஞாபகத்தை மட்டும் நம்பிக்கிட்டு..." என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "பெத்துப் பாரு, அப்புறம் பேசு" என்றார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசையை முடித்துவிட்டு டீச்சர் நேராக வந்திருந்தார். ஸ்ரீரங்கம் பார்த்துவிட்டு ஒரு பெருங்கூட்டம் சாப்பிட வந்தது, பால்டிக் கடலோரத்து நாட்டுக்காரர்கள். டீச்சர் யாரையும் கேட்கவில்லை. தன்பாட்டுக்கு அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள், தலையில் மல்லிகைச் சரம் தொங்க, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பியானோ அருகில் வந்து நின்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். "இது எனக்குத் தெரியும் போலவும் இருக்கிறது, தெரியாதது போலவும் இருக்கிறது. யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்? இதை இப்படி யாரும் பாடமாட்டார்களே" என்றார்.

டீச்சரின் கை நின்றுவிட்டது. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். திறந்தார். மகனின் செய்தி இருக்கும் இடத்துக்குப் போனார். விரல் மட்டும் இறங்கவில்லை. "நீ அமுக்கும்மா" என்று என்னிடம் நீட்டினார். அமுக்கினேன். "அம்மா" என்று அவன் குரல் வந்ததும் டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். அவன் பேசப் பேசப் பின்னால் பாட்டு ஓடியது. ஆமாம், ஓடியது. மேசையைத் தட்டிக்கொண்டு, காலால் மிதித்துக்கொண்டு, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் ஓடியது. டீச்சர் வாசித்த அதே மெட்டுதான், ஆனால் அழுகை எங்கே? வரிக்கு வரி இழுத்துப் பிடித்து, தன் பயத்தையும் போட்டுப் பிசைந்து, டீச்சர்தான் அதைச் சாவுப் பாட்டாக்கி வைத்திருந்தார். அதைத்தான் அத்தனை நாட்டுக்காரர்களிடமும் வாசித்துக் காட்டியிருக்கிறார். எவனுக்கு எப்படி அடையாளம் தெரியும்?

அந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டத் தொடங்கினார். "என் கணவர் மாலுமி. எங்கள் கரையில் இதைத்தான் பாடுவார்கள்! வேலை முடிந்து ஊருக்குக் கிளம்புகிறவனைக் கப்பலில் நடுவில் உட்கார வைத்து, சுற்றி நின்று பாடுவார்கள். 'அம்மா அடுப்பு மூட்டட்டும், இவன் வருகிறான்' என்று வரும். இவன் என்கிற இடத்தில் அவன் பெயரைப் போட்டுப் பாடுவோம்."

டீச்சர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவரே அமுக்கினார். இந்தத் தடவை அந்த அம்மாள் கையை உயர்த்திக் காத்திருந்து, இதோ இங்கே என்று விரலை இறக்கினார். அவன் "அப்புறம் பேசறேன்" என்று சொல்லி முடித்த அதே இடத்தில், முரட்டு ஆண் குரல்கள் வாயில் நுழையாத அவன் பெயரைக் கோணல்மாணலாக நீட்டிப் பாடின. அவன் சிரிக்கிற சத்தமும் கேட்டது. பிறகு செய்தி முடிந்துவிட்டது.

"ஒப்பந்தம் முடிய மாசக்கணக்குல இருக்குன்னான். சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கலாம்னு நெனச்சிருக்கான், கழுதை" என்றார் டீச்சர். அந்த அம்மாளுக்கு அப்போதுதான் ஏதோ விபரீதம் என்று புரிந்தது. நான்தான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோய், டீச்சரின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். எங்கள் மேனேஜர் தூரத்திலிருந்து, பியானோ ஏன் நின்றது என்று கையால் கேட்டார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் உள்ளே போய்விட்டார்.

டீச்சரைத் தோளைப் பிடித்துச் சமையலறைக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். "அவன் தானாப் போகலை டீச்சர். கால் வழுக்கியிருக்கும், அலை அடிச்சிருக்கும், என்னவோ ஆயிருக்கு. ஆனா தானாப் போகலை. நீங்க கேட்டது கிடைச்சிருச்சு. இனிமேயாவது நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க" என்றேன்.

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

"கிடைச்சிருச்சும்மா. இத்தனை நாளும் என்னை விட்டுட்டுப் போயிட்டானேன்னு அவன்மேல கோவமா இருந்தேன். வீட்டுல தனியா உக்காந்து, ஏன்டா போனே, உனக்கு என்னடா கொறை வெச்சேன்னு அவனைத் திட்டிக்கிட்டே இருப்பேன். அவனும் ஏதோ பதில் சொல்ற மாதிரியே இருக்கும். சண்டை போட எனக்குன்னு ஒரு புள்ள இருந்தான். எங்கிட்ட வரத்தான் கெளம்பினான்னா, நான் இனிமே யாரைம்மா திட்டுறது?"