பூசை வைக்காத பாப்பரசர்

எங்கள் கோயிலில் ஒரே ஒரு மைக்தான் இருந்தது. பங்குச் சாமியார் தமிழில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு அதை என்னிடம் நீட்டுவார். நான் அதைப் பர்மிய மொழியில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் காதில் ஏறும், நாவில் வராது. அதனால் மற்ற நாட்களில் லத்தா கடைத்தெருவில் துணி கிழித்து விற்றுக்கொண்டிருந்த நான், ஞாயிறுதோறும் அவர் பக்கத்தில் நின்றேன்.

அந்த ஞாயிறு அவர் பெரிய கிரகோரியாரைப் பற்றிப் பேசினார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ரோமில் பாப்பரசராக இருந்தவர். பணக்கார வீட்டுப் பிள்ளை. தன் மாளிகையையே மடமாக்கி, அதில் துறவியாக வாழ்ந்தவர். முந்தைய பாப்பரசர் கொள்ளைநோயில் இறந்துபோக, வேண்டாம் என்று மறுத்தவரைப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டார். ஏழைகளுக்குத் தானியம் அளந்தார், நோயாளிகள் வீட்டுக்குச் சமைத்த உணவு அனுப்பினார். "அப்பிடியிருந்தும் ஒரு பிச்சைக்காரன் பசியில செத்துப்போனான். பாப்பரசர் பல நாள் பூசையே வைக்கல. அவனக் கொன்னது நாந்தான்னுட்டார்" என்று சொல்லி, சாமியார் மைக்கை நீட்டினார்.

என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. பாப்பரசர் மிகவும் வருத்தப்பட்டார் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன்.

சாமியாருக்குப் பர்மிய மொழி அதிகம் வராது. ஆனால் எது குறைகிறது என்று தெரியும். பூசை முடிந்ததும், "ஏம்மா, பெரிய சங்கதி ஒண்ண முழுங்கிட்டியே?" என்றார். குரலில் கோபமில்லை. நான் அழுதுவிட்டேன். அலோன் பேட்டையில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். மனைவி இறந்தபின் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஐந்து நாளாக அந்தக் கதவு திறக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பஸ்ஸுக்கு ஓடினேன். "வேற யாராச்சும் பாப்பாங்கன்னு இருந்துட்டேன் சாமி" என்றேன்.

அவர் அங்கியைக் கழற்றிவிட்டுக் குடையை எடுத்தார். "வா, போவோம்."

மழையில் அந்தக் கதவைத் தட்டி, "ஊலே, ஊலே" என்று கூப்பிட்டேன். மாமா என்பதுபோல இங்கே வயதானவர்களை அப்படித்தான் அழைப்போம். பதில் இல்லை. சாமியார் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். பெரியவர் காய்ச்சலில் பாயோடு பாயாகச் சுருண்டு கிடந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. "யாரு?" என்று அவர் கேட்டதும், சாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தேன். சாமியார் கரண்டி கரண்டியாக ஊட்டினார். ஐந்தாவது கரண்டியில் பெரியவர், "உப்பு பத்தல" என்றார். நாங்கள் சிரித்தோம்.

மறுவாரம் நானே மைக்கைக் கேட்டு வாங்கினேன். விட்டுப்போன வாக்கியத்தைச் சொன்னேன். ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். யாரும் ஏசவில்லை. அன்று மாலையே இரண்டு பெண்கள் அரிசியோடு வந்தார்கள். அந்தப் பாப்பரசர் தினமும் பன்னிரண்டு ஏழைகளோடு உண்பாராம். சாமியாரும் கோயில் கூடத்தில் பன்னிரண்டு தட்டு வைத்தார். ஞாயிறு சாப்பாடு அப்படித்தான் தொடங்கியது.

சாமியார் மறைந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. சாப்பாடு நிற்கவில்லை. இப்போது அடுப்படி முழுக்கப் பெரியவர் ராஜ்யம். போன மாதம் பந்தியில் நான் அந்தப் பாப்பரசரின் கதை இன்னொன்றைச் சொன்னேன்: ஒருநாள் அவருடைய பந்தியில் பதிமூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவர் வானதூதர் என்று பிறகுதான் தெரிந்தது என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முன்பின் பார்த்திராத ஒருவர் நனைந்த கைலியோடு வாசலில் வந்து நின்றார். பன்னிரண்டு பேரும் சோற்றுக் கையோடு அவரையே பார்த்தார்கள்.

பெரியவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"வானதூதரா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கொழம்ப ஊத்தும்மா."