அக்கா சொன்ன முதல் வார்த்தை

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பு போடிமெட்டு வளைவில் கவிழ்ந்ததில் என் அக்காவுக்குத் தலையில் அடிபட்டது. உயிர் பிழைத்தாள், பேச்சு போய்விட்டது, வலது கை விளங்கவில்லை. "பேச்சு வரலாம். எப்போன்னு சொல்ல முடியாது" என்றார் மதுரை டாக்டர்.

வீட்டுக்குக் கூட்டிவந்ததும் பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்கள். "பொறுமையா இரு. சாமி சோதிக்குது." காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தையல் கடைக்கு ஓடுகிறவள் நான். புருஷனை இழந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் ஏலக்காய் எடுத்துப் பிழைத்தவளைத்தான் சோதிக்க வேண்டுமா அந்தச் சாமி? விளக்கேற்றுவதை நிறுத்தினேன்.

அக்கா நிறுத்தவில்லை. தினமும் இடது கையால் திருநீற்றை அள்ளிக் கோணல்மாணலாகப் பூசிக்கொள்வாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து 'ஆ', 'ஊ' என்று பழகுவாள். எச்சில் வழியும். துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பாள்.

"இன்னமும் அதைக் கும்பிடுறியே, வெக்கமா இல்ல?" என்று ஒருநாள் கத்தினேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

சில மாதம் கழித்து, ஜீப்புக்குச் சொந்தக்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அன்றைக்கு வண்டி ஓட்டியவரும் அவர்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"என்ன ஆத்தா செய்யிறது, எல்லாம் சாமி செயல். நம்ம கையில என்ன இருக்கு?"

அக்கா நிமிர்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. "ப்... ப்ரே..." தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்துச் சொம்பை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"பிரேக்கு!"

இடது கை அவரை நோக்கி நீண்டிருந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உக்காருங்கண்ணே. அவ என்ன சொல்றா?" என்றேன்.

"சோலி கெடக்கு, வர்றேன்" என்று கிளம்பிப் போய்விட்டார்.

அதே ஜீப்பில் போன அடுத்த தெருக்காரியிடம் ஓடினேன். அவள் அழுதாள். "நேத்தே பிரேக்கு சரியாப் புடிக்கலன்னு ஏறும்போதே ஒங்கக்கா அவன்கிட்ட சொன்னா. 'வெரசா ஏறு, இல்லாட்டி நின்னுக்க'ன்னான். சோலி போயிருமேன்னு எல்லாரும் ஏறுனோம்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"இன்னமும் அவன் ஜீப்புலதான போறேன்."

அத்தனை மாதமும் நான் சாமியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அக்காவுக்கோ செய்தது யார் என்று தெரியும். சாமிமேல் பழி போட அவளுக்கு ஒன்றுமில்லை. விதியே என்றும் அவள் கிடக்கவில்லை; அந்த ஒரு வார்த்தையை எப்படியாவது சொல்லிவிடத்தான் தினமும் பாடுபட்டிருக்கிறாள்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். தெருக்காரியும் துணிந்து சாட்சி சொல்ல வந்தாள். வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அந்த ஆளின் ஜீப்பு ஆள் ஏற்றிக்கொண்டு இன்னும் மலையேறுகிறது; பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. போன வாய்தாவுக்கு, "போயி என்ன ஆகப்போகுது?" என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா சேலையை என் மடியில் போட்டாள்.

"கட்டிவிடு. போவோம்."