உமிக் கிண்ணம்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘நீராவி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக அங்கே இஸ்திரி போடுகிறாள். முழங்கை வரை தழும்புகள். அவற்றில் பாதிதான் இஸ்திரி மிஷின் கொடுத்தது. மீதி அப்பா கொடுத்ததும், அப்பாவுக்குப் பிறகு தம்பி கொடுத்ததும்.

அப்பா போய்ச் சேர்ந்தும் கை நீட்டும் பழக்கம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. தம்பிக்குச் சரக்குக் கிடங்கில் ராத்திரி வேலை. பகலில் தூங்குவான். கோபம் வந்தால் கண் மண் தெரியாது. டீக்கடையில் தோளை இடித்துவிட்டுப் போன ஒருவனை மேஜையில் மோதி, இரண்டு பல்லைக் கையில் கொடுத்து அனுப்பியவன்.

அக்காவிடம் ஆறு கிளிகள் இருந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கிளிகள், நாலு பச்சை, இரண்டு நீலம். காலையில் எழுந்ததும் தினைக் கிண்ணத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வாயால் ஊதி, பிறகுதான் மேலே தீனி போடுவாள். தண்ணீர் மாற்றுவாள், கூண்டின் அடியில் செய்தித்தாள் மாற்றுவாள், கீரைத்தண்டைக் கம்பியில் செருகுவாள். அதுவரை அவள் வாயில் காபி படாது.

அன்று மத்தியானம் ஜன்னல் விளிம்பில் பூனை வந்து உட்கார்ந்தது. கிளிகள் வீடே அதிரக் கத்தின. தம்பி எழுந்து வந்தான்.

“அதுங்க வாய மூடு. இல்லன்னா நான் மூடறேன்.”

“பூனையப் பாத்தா கத்தாதா? பொம்மையாடா அது?”

அவன் கூண்டைக் கழற்றப் போனான். அவள் குறுக்கே நின்றாள். இரும்பு ஸ்டூலை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்ததுமே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. இரண்டாவது அடியில் கீழே விழுந்தாள். விழுந்தவளை உதைத்தான்.

டாக்டரிடம் மாடிப்படியில் தவறி விழுந்ததாகச் சொன்னாள். அவளைப் படுக்க வைத்த கட்டிலில் அவளே தேய்த்து அனுப்பிய விரிப்பு. அங்கிருந்து தினமும் தம்பிக்குப் போன் செய்தாள்.

“கிளிக்குத் தீனி போட்டியா?”

“கிண்ணம் நெறைய இருக்குக்கா. எத்தன தடவ கேப்ப?”

அவன் பொய் சொல்லவில்லை. கிண்ணம் நிறையத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் இடது கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கூண்டில் நாலு கிளிகள் செத்துக் கிடந்தன. ஒன்றின் முதுகைப் பசி தாங்காமல் மற்றவை கொத்திக் கிழித்திருந்தன. மிச்சமிருந்த இரண்டும் மூலையில் இறகு உப்பிப்போய்க் கண் மூடி உட்கார்ந்திருந்தன. கிண்ணத்தை எடுத்து ஊதினாள். மேலே இருந்ததெல்லாம் பறந்தது. கிளி தினையை உடைத்துத் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில்தான் உதிர்க்கும். அடியில் ஒரு மணி இல்லை.

தம்பி எட்டிப் பார்த்தான். “நெறையத்தானே இருந்துச்சு. சரி விடு, வேற நாலு வாங்கிக்க.”

கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கம்பி அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முதல் அடி அவன் கைவிரல்களில் விழுந்தது. அடுத்தது காதோரம். ரத்தம் சுவரில் தெறித்தது. அவன் சரிந்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கித் தலையைக் கையால் மூடிக்கொண்டான். சின்ன வயதில் அப்பா பெல்ட்டை உருவினால் அவன் அப்படித்தான் சுருண்டுகொள்வான். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் இரண்டு அடி அடித்தாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். “விடுங்கக்கா, செத்துருவான்.”

தையல்காரம்மாவின் மகன் தம்பியை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். அக்கா கையைக் கழுவிக்கொண்டு, உயிரோடிருந்த இரண்டுக்கும் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அப்புறம் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். படிக்கட்டில் விழுந்தது பொய் என்று சொன்னாள், ஸ்டூலைச் சொன்னாள், கம்பியையும் சொன்னாள்.

ஏட்டு பேனாவை நிறுத்தினார். “தற்காப்புக்கு அடிச்சீங்கன்னு எழுதிக்கவாம்மா?”

“இல்லைங்க. கோவத்துல அடிச்சேன். கடைசி ரெண்டும் வேணும்னே அடிச்சது. அடிக்க அடிக்க நல்லா இருந்துச்சு.” அடிக்கும்போது அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டு பேர் மீதும் வழக்குப் பதிவானது. அவனுக்கு எட்டு மாசம் ஜெயில். அவளுக்கு எச்சரிக்கையும், ஸ்டேஷனில் மாசம் ஒரு கையெழுத்தும். வெளியே வந்தவன் கிடங்குக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டான். இரண்டு விரல் மடங்காததால் மூட்டை தூக்க முடியாது. வாசலில் லாரி எண் குறிக்கிற வேலை.

மிச்சமிருந்த இரண்டு கிளிகளில் ஒன்று அடிதடி நடந்த மறுநாளே செத்துவிட்டது. பிழைத்த நீலத்துக்கு மனுஷக் கையைக் கண்டாலே ஆகாது. தண்ணீர் வைக்கும்போதெல்லாம் ரத்தம் வரக் கடிக்கும். அவள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

“தம்பிய நெனச்சாப் பாவமா இல்லையாக்கா?” என்று தையல்காரம்மா ஒருமுறை கேட்டாள்.

“இருக்கு. ஆனா கதவத் தொறக்க மாட்டேன். அவன நம்பாததால மட்டும் இல்ல. என் கையையும் நம்ப முடியல.”