அங்கிள் போயிட்டார்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு மகள் தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, அங்கிள் போயிட்டார்." அத்துடன் அவளுடைய போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அங்கிள், நாங்கள் குடியேறியிருக்கும் டூங்கபியில் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஆங்கிலேயர். எண்பத்தாறு வயது. ஒருகாலத்தில் லண்டனில் கறுப்பு வெள்ளைப் படங்களில் பட்லர், பாதிரியார், ஸ்டேஷன் மாஸ்டர் என்று வந்துபோனவர். பாதிப் படங்களில் பெயர்கூடப் போடவில்லை. மகள் அந்தப் படங்களை இணையத்தில் தேடிப் பிடிப்பாள். செவ்வாய்க்கிழமைகளில் அவர் வீட்டில் இருவரும் பார்ப்பார்கள். "நிறுத்து! அந்தத் தோள் என்னுடையது!" என்று கத்துவார்.

எங்கள் சனம் கடைக்குப் போனாலும் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்லும். 'போயிட்டார்' என்றால் திரும்பி வராத போக்கு. பிள்ளை பிரேதத்தோடு தனியே இருக்கிறாளே என்று, வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து வெள்ளைக் கோட்டோடு காரில் ஏறினேன். பக்கத்து வீட்டு அன்ரிக்குப் போனில் சொன்னேன்.

"ஐயோ! செத்த வீட்டில அடுப்பு மூட்டேலாது. நான் சோறு காய்ச்சிக்கொண்டு வாறன்."

மகள் அவர் வீட்டு வாசற்படியில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"அவரைத் தொட்டனியோ?"

"வாட்? அவர் இல்லை அம்மா. கோன் அவுட்! போயிட்டார்!"

"வெளிய போயிருக்கிறார் எண்டு சொல்லவேணும், மடைச்சி!"

சிரித்தேன். உள்ளே பார்த்ததும் சிரிப்பு நின்றது. கதவு பூட்டவில்லை. பாதி குடித்த தேநீர் ஆறிக் கிடந்தது. மேசையில் அவருடைய இருதய மாத்திரைகளும் போனும். ஒரு செவ்வாயும் தவறவிடாத மனிதர். எந்தத் தெருவில் விழுந்து கிடக்கிறாரோ?

அன்ரி வெள்ளைச் சேலையில் சட்டியோடு வந்தார்.

"ஆள் சாகேல்லையோ? அப்ப இவ்வளவு சோத்தை என்ன செய்யிறது?"

"அன்ரி!"

"கோவிக்காதை பிள்ளை. நல்லதுக்குத்தானே கேட்டனான்."

அவசர சேவைக்குப் போன் அடிக்கப் போனேன். அப்போது ஒரு டாக்ஸி வந்து நின்றது. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அங்கிள் இறங்கினார். எங்கள் மூவரையும் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து, எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"தொலைக்காட்சி நாடகத்துக்கு ஆள் தேடினார்கள். உடனே வரச்சொன்னார்கள்," என்றார் கவலையோடு. "பிணமாகக் கிடக்கும் வேஷம். மூச்சுவிடுவது தெரிகிறதாம். வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள்."