குச்சி நுனியில் செங்கல் தூள்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தது நான், ஒரு மாட்டுவண்டிக்காரர், அவருடைய இரண்டு மாடுகள். அவ்வளவுதான். அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. ஞாயிற்றுக்கிழமை. முதலாளி குடும்பத்தோடு மல்லாங்கிணற்றுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மற்ற ஆட்களுக்கு லீவு. என்னை எதிர்பார்த்து வீட்டில் யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் லீவு நாள் வேலை என்றால் அது என் தலையில்தான் விழும்.

நான் வேலை பார்த்தது மோட்டார் ரம்பத்தில். பிளேடு முன்னும் பின்னும் போய்ப் போய் இரும்பை அறுக்கும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். நன்றாகத் தெரிந்தது பயப்பட மட்டும்தான். அந்தப் பயத்திலேயே தொழிலையும் பழகிக்கொண்டேன். மெல்லிய குழாய்க்குப் பொடிப் பல் பிளேடு. பெரிய பல் போட்டால் விளிம்பில் மாட்டி ஒடிந்து மூஞ்சிக்கு வரும். கட்டி இரும்புக்குத்தான் பெரிய பல். பழைய மரச்சட்டம் வந்தால் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் வைக்க மாட்டேன். எதுவானாலும் வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கிவிட்டு, மறுபடி ஆட்டிப் பார்ப்பேன். கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு வைத்த பேர் 'நடுக்கம்'. மத்தியானம் சாப்பிடக்கூடக் கூப்பிட மாட்டார்கள். உட்காருகிற இடத்தில் பாம்பு இருக்கிறதா என்று நான் பார்த்துவிட்டு வருவதற்குள் அவர்கள் கை கழுவிவிடுவார்களாம்.

வண்டிக்காரர் வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆள். கொண்டுவந்தது, கோயில் கொடைத் திருவிழாவுக்கு அதிர்வேட்டுப் போடுகிற பழைய இரும்புக் குழாய்கள். முழங்கை நீளம், ஒரு பக்கம் மூடியிருக்கும். ஏதோ தோட்டத்தில் வருஷக்கணக்காக மழையில் கிடந்தவை. பம்புசெட்டு வேலைக்காக அவற்றை வளையம் வளையமாக அறுத்து, சாயங்காலத்துக்குள் அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு குழாயையும் கவிழ்த்துத் தட்டினேன். கரிசல் மண் பொலபொலவென்று விழுந்தது. உள்ளே குச்சியை விட்டுத் துழாவினேன்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பாக்கீக? பிடிச்சா பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க, பொழுது போவுதுல்ல" என்றார் வண்டிக்காரர். நான் சிரித்து வைத்தேன். அவர் எதிரே வேப்பமர நிழலில், வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

ஒரு குழாயில் மட்டும் தட்டியும் ஒன்றும் விழவில்லை. குச்சி கொஞ்சம் போய் இடித்து நின்றது. மண் இறுகிக் கிடக்கிறது என்று நினைத்து, வைஸில் இறுக்கி, ரம்பத்தை ஓடவிட்டேன். அடுத்த குழாயை எடுக்க வாசலுக்கு வந்தபோதுதான் கையில் இருந்த குச்சியைப் பார்த்தேன். நுனி சிவப்பாக இருந்தது.

எங்கள் பக்கத்து மண் கறுப்பு. சிவப்பு எங்கிருந்து வரும்? வேட்டுப் போடுகிறவர்கள்தான் வெடிமருந்துக்கு மேலே செங்கல் தூளைப் போட்டு இடித்து இறுக்குவார்கள். வெடிக்காமல் போன குழாய். மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. ரம்பமோ சூடாகிக்கொண்டே இறங்குகிறது. குழாயின் வாய், வண்டிக்கு அடியில் குறட்டை விடுகிற மனுஷனுக்கு நேராக இருந்தது.

நான் வாசலில் நிற்கிறேன். ரோடு பக்கத்தில். சுவிட்சு ரம்பத்துக்குப் பக்கத்தில். "எந்திரிங்க! ஓடுங்க!" என்று கத்தினேன், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கால் ரோட்டுப் பக்கம் திரும்பியது எனக்குத் தெரியும். எப்படி உள்ளே போனேன் என்பது தெரியாது. சுவிட்சை அணைத்தேன். பக்கத்து வாளித் தண்ணீரை வெட்டின இடத்திலும் வாயிலும் ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் என் கத்தல் எனக்கே கேட்டது.

வண்டிக்காரர் எழுந்து வந்தார். குச்சியைக் காட்டினேன். நுனியை விரலால் தேய்த்துப் பார்த்தவர் குழாயின் வாயைப் பார்த்தார். தான் படுத்திருந்த துண்டைப் பார்த்தார். ரெண்டு பேருமாகக் குழாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினோம். மறுநாள் மருந்து தெரிந்த ஆள் வந்து இடித்து எடுத்தபோது, கறுப்புச் சேறாக ரெண்டு கை நிறைய வந்தது.

அன்று மிச்சக் குழாயைத் தொடவில்லை. "வளையம் ஆகலை. நீங்க கெளம்புங்க, பொழுதாச்சு" என்றேன்.

"மாடு எங்கேயும் போயிறாது. உங்க கை நடுக்கம் நிக்கட்டும்" என்று என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். தன் தூக்குச்சட்டியில் இருந்த சோற்றைப் பாதி பிரித்து என் பக்கம் தள்ளினார். உட்காருகிற இடத்தைப் பார்க்காமல் நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். என் கை நடுக்கம் நின்ற பிறகே மிச்சக் குழாய்களை வண்டியில் ஏற்றி மாட்டைப் பூட்டினார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

பட்டறையில் 'நடுக்கம்' என்ற பேர் கடைசிவரை மாறவில்லை, மத்தியானச் சாப்பாடும் தனியாகத்தான். ஆனாலும் இன்றைக்கும் கை ஆட ஆரம்பித்தால், அது நிற்கட்டும் என்று ஒரு ஆள் எனக்காகக் காத்திருந்த அந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொள்கிறேன், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது.