சிங்கப்பூரில் செய்த சாக்லேட்

இப்போதெல்லாம் வேலை முடிந்து வரும் வழியில் அந்தச் சிவப்புத் தாள் சாக்லேட்டை வாங்கி, ரயிலேறும் முன்பே தின்று முடித்துவிடுகிறேன். நான்கு விரல்களாக உடையுமே, அதுதான். எந்த நாட்டில் செய்தது என்று திருப்பிப் பார்க்கும் தெம்புகூட அந்நேரத்தில் இருப்பதில்லை.

பத்து வயதில் அந்தச் சாக்லேட்டைப் பற்றித் தெரியாதது எதுவும் எனக்கில்லை. வகுப்புத் தோழி ஒருத்தி அதன் தாள்களைச் சேர்த்துவைத்திருந்தாள். ஜப்பானிலிருந்து வரும் பச்சைத் தேநீர் வகை, ஸ்ட்ராபெரி வகை, யாரும் நம்பாத சர்க்கரைவள்ளிக்கிழங்கு வகை. துருக்கியில் செய்தது கொஞ்சம் கூடுதலாக இனிக்கும் என்று அவள் சொல்வாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்க்கடையில் கிடைப்பதெல்லாம் மலேசியாவில் செய்தது. தாளின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் நாட்டின் பெயர் இருக்கும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். காது கொடுத்துக் கேட்டவர் மாமா ஒருவர்தான்.

மாமா அம்மாவின் தம்பி. அம்மா கல்யாணமாகி இங்கே சிங்கப்பூருக்கு வந்து பல வருடங்கள் கழித்து ஒர்க் பெர்மிட்டில் வந்தவர். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. மேற்கே ஒரு தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மார்சிலிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குவார். அத்தையும் ஆறு வயது மகளும் ஊரில் இருந்தார்கள்.

அந்த வாரம் அவர் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. லீவுக்குப் போகிறார் என்று அம்மா சொன்னார். மகள் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: "அப்பா, உங்க கம்பெனி சாக்லேட் கொண்டாங்க."

ஜூரோங் பக்கம் கொக்கோ ஆலை ஒன்றில் மாமா சில மாதம் சாரம் கட்டியிருந்தார். 'சாக்லேட்டு கம்பெனியிலதான் வேலை' என்று போனில் ஒருமுறை சொன்னதை அந்தக் குழந்தை அப்படியே பிடித்துக்கொண்டு, தனக்குப் பிடித்த சிவப்புத் தாள் சாக்லேட்டை அப்பாதான் செய்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டது. அப்படியில்லை என்று சொல்ல மாமாவுக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்கு அன்று வேலை. தாளில் சிங்கப்பூர் என்று போட்டதைத் தேட, எறும்பு எழுத்து படிக்கத் தெரிந்தவள் என்று என்னை மாமாவோடு அனுப்பினார்.

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடப்பதை நடப்பது என்று சொல்ல முடியாது. கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். ஊருக்குப் போகும் ஆண்கள் சாக்லேட் பைகளைக் கைக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நான் ஒவ்வொரு கடையிலும் சிவப்புத் தாளைத் திருப்பித் தீர்ப்புச் சொன்னேன். மலேசியா. ஜப்பான். துருக்கி. ஒரு கடையின் மூலையில் இந்தியாவிலேயே செய்தது ஒன்று இருந்தது. அதைக் காட்டியதும் மாமா சிரித்துவிட்டார்.

"என்னைய மாதிரியே அதுவும் பிளேன் ஏறி வந்துருக்கு, பாரு."

நாலாவது கடையில் கல்லாவிலிருந்த அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "சிங்கப்பூர்ல இதெல்லாம் செய்யறதில்ல லா. எல்லாமே வெளிய இருந்து வர்றதுதான். எடுத்தா எடுங்க தம்பி, பின்னாடி கியூ நிக்குது பாருங்க."

மாமா மலேசியச் சாக்லேட் ஒரு பை வாங்கினார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

"அந்தப் பொடி எழுத்த என் பொண்ணு படிச்சிருவாளா பாப்பா?"

"ஆறு வயசுல நான் படிச்சேன் மாமா."

அவர் பையிலிருந்த தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "வா, ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றார்.

அந்த இடம் தீவின் மறுகோடியில் இருந்தது. ரயில் மாறி, மறுபடி மாறி, பேருந்தும் ஏறினோம். என் செருப்பு வார் காலை அறுத்தது. வீட்டுக்குப் போகலாம் என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பேன். பேருந்தை விட்டு இறங்கியதும் வாசனை வந்தது. கருகிய பாலும் சர்க்கரையும் கலந்தாற்போல, தலையை வலிக்க வைக்கும் வாசனை. வேலி, அதற்குப் பின்னால் நெடிய வெள்ளைச் சுவர். ஞாயிற்றுக்கிழமையும் உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தச் செவுரு முச்சூடும் நான்தான் சாரம் கட்டினேன். அந்த உச்சி தெரியுதுல்ல, அதுவரைக்கும்."

நான் பார்த்தேன். "ஒண்ணுமே இல்லையே மாமா."

"வேல முடிஞ்சா பிரிச்சிருவாங்க."

பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துக்கொண்டு, கீறல் விழுந்த தம் போனை என்னிடம் கொடுத்தார். ஆலையும் அவரும் சாக்லேட்டும் ஒரே படத்தில் வர வேண்டும். நான் போனைத் தூக்குவதற்குள் காவலாளி ஒருவர் வந்துவிட்டார். எங்கள் பேச்சைக் கேட்டு அவரும் தமிழிலேயே பேசினார்.

"தம்பி, இங்க போட்டோ எடுக்கக் கூடாது லா. மேல கேமரா இருக்கு."

மாமா விஷயத்தைச் சொன்னார். மகள், வகுப்பு, எல்லாம். காவலாளி சாக்லேட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க இதச் செய்யலையே தம்பி. கொக்கோவ அரைச்சு மூட்டை கட்டி அனுப்புவாங்க, அவ்வளவுதான்."

"மலேசியாவுக்கு அனுப்புவாங்களா?" என்று நான் கேட்டேன்.

"போகும்னுதான் நெனைக்கிறேன். லாரி லாரியா போகுது. எங்க போகுதுன்னு என்கிட்டயா சொல்றாங்க?"

மாமாவின் முகம் தெளிந்தது. கொக்கோ மலேசியாவுக்குப் போகிறது என்பது மட்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். காவலாளி சாலையின் எதிர்ப்பக்கத்தைக் காட்டி, "அங்க நின்னு எடுத்துக்குங்க. நான் பாக்கல" என்று திரும்பிக்கொண்டார்.

மாமா இடது கையில் சாக்லேட்டைப் பிடித்து நின்றார். இடது கையால் யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். "சோத்துக் கையில பிடிங்க மாமா" என்றேன். அவர் கையை மாற்றினார். "இன்னும் மேல" என்றேன். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி உயர்த்தினார். கண்ணை மூடிவிட்டார் என்று மறுபடி எடுத்தேன். வெயிலில் சாக்லேட் இளகி வளைந்திருந்தது. மறுபடியும் கண்ணை மூடினார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு வேறொரு கட்டடத்தில் அவர் விழுந்ததையும், தோள் பழையபடி ஆகாது என்று ஆனதையும், பெர்மிட் முடிந்து அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியதையும் அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது லீவு என்ற சொல் மட்டும்.

பேருந்து நிறுத்தத்தில் அவர் மகளுக்குக் குரல் பதிவு செய்தார். "கண்ணு, இது மலேசியாவுல செஞ்சதுடா. ஆனா உள்ள இருக்குற கொக்கோ அப்பா வேல பாத்த எடத்துலேருந்து போயிருக்கு." நிறுத்தி யோசித்து, அதை அழித்துவிட்டு, 'போயிருக்கலாம்' என்று மாற்றி மறுபடி பேசினார். "சரியா சொன்னேனா பாப்பா?" என்று என்னைக் கேட்டார். சரி என்றேன். எனக்குத் தண்ணீர் தவித்தது.

ஜூரோங் ஈஸ்டிலிருந்து மார்சிலிங்குக்கு ரயில் மாற வேண்டியதில்லை. உட்கார இடமும் கிடைத்தது. கதவு மூடுவதற்குள் மாமா தூங்கிப்போனார். தலை என் தோள்மீது சாய்ந்தது. எதிரே இருந்தவர்கள் பார்த்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் நகரவில்லை, நகர்ந்தால் விழுந்துவிடுவார் போலிருந்தது. சுவா சூ காங் போனது, கிராஞ்சி போனது. தோள் மரத்துவிட்டது.

மார்சிலிங்கில் அவரை உலுக்கினேன். "மாமா, வீடு வந்துருச்சு."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "வீடா?" என்றார். கதவு திறந்திருந்தது. இறங்குகிறவர்கள் இறங்கிவிட்டார்கள், ஏறுகிறவர்களும் ஏறிவிட்டார்கள். அவர் எழுந்திருக்காமல் ஜன்னல் வழியாக எங்கள் புளோக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கதவு மூடப்போகும் ஒலி கேட்டதும் நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.